சினிமாப் பாடகர் வித்வான் ஆவாரா?

மட்டாஞ்சேரி டீக்கடை ரேடியோவில் ஜேசுதாஸ் பாட்டு ஒலித்தால் போதும், நம்மவர்களிடையே வாக்குவாதம் தொடங்கிவிடும்: "சினிமாப் பாடகரைக் கர்நாடக சங்கீத வித்வான் எனலாமா?"

பக்கத்திலுள்ள போர்ட் கொச்சியில் 1940-ல் பிறந்தவர் ஜேசுதாஸ். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர். மகன் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றார். 1961-ல் சினிமாவில் பாடத் தொடங்கினார். 1964-ல் 'பொம்மை' படத்தின் மூலம் அவரைத் தமிழில் பாட வைத்தவரே வீணை வித்வான் எஸ். பாலசந்தர்தான்!

சினிமாவில் பாடிக்கொண்டிருந்தவரைச் செம்பை வைத்தியநாத பாகவதர் சீடராக ஏற்றுக்கொண்டார்.

சினிமாப் புகழ் வித்வான் என்ற பெயருக்குத் தகுதியாகாது, தடையும் ஆகாது. கச்சேரியைக் கேட்டு எடை போடுவதே நியாயம். செம்பையே ஒதுக்காதவரை நாம் ஒதுக்கலாமா?