சீம்பால் வயிற்றில் என்ன ஆகிறது?

உல்லாஸ்நகரில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேரன் பிறந்திருந்தான். பிரசவம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பாட்டி, "மஞ்சளாக வருகிற முதல் பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டிவிடு. பிள்ளைக்குச் சேனை வைப்போம்" என்றார். "அதில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதாம், அத்தை" என்றாள் மருமகள். பாட்டி விடவில்லை. "வயிற்றுக்குள் போனால் எல்லாம் செரித்துத்தானே போகும்? அப்புறம் சக்தி எங்கே மிஞ்சும்?"

மருமகளிடம் பதில் இல்லை. பாட்டி கேட்டதோ நியாயமான கேள்வி. நாம் உண்ணும் பருப்பின் புரதம் இரைப்பையிலும் குடலிலும் துண்டு துண்டாகிச் சத்தாக மாறிவிடுகிறது. தாய்ப்பாலின் புரதம் மட்டும் எப்படித் தப்பும்?

முதல் காரணம் குழந்தையின் வயிறு. பெரியவர்களின் இரைப்பையில் உள்ள அளவு கடுமையான அமிலம் பச்சிளங்குழந்தைக்கு இல்லை. புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதியும் குறைவு. அமிலம் குறைந்த இடத்தில் அந்த நொதிக்கு வேகமும் இராது.

இரண்டாவது காரணம் பாலிலேயே இருக்கிறது. சீம்பாலில் நிறைந்துள்ள இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதத்திற்கு, அதைச் சுற்றிக் கவசம்போல் இன்னொரு புரதத் துண்டு உண்டு. ஆகவே அது எளிதில் செரிப்பதில்லை. குடலின் உட்சுவரில் காவல் நின்று, கிருமிகள் ஒட்டாமல் தடுக்கிறது. அதில் ஒரு பகுதி குழந்தையின் மலத்திலும் சிதையாமல் வெளிவருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். செரிக்கும் நொதிகளை மட்டுப்படுத்தும் புரதங்களும் தாய்ப்பாலில் உள்ளன.

வெட்டுப்படுவதாலேயே பயன் தருவதும் உண்டு! லாக்டோபெரின் என்ற புரதம் முழுதாக இருக்கையில், கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெப்சின் அதை வெட்டும்போது கிடைக்கும் லாக்டோபெரிசின் என்ற சிறு துண்டோ கிருமிகளை நேரடியாகவே கொல்ல வல்லது. எஞ்சிய புரதங்கள் முறைப்படி செரித்து, குழந்தையின் வளர்ச்சிக்கு உதவுகின்றன. ஒரே பால் உணவாகவும் மருந்தாகவும் இருப்பது இப்படித்தான்.

ஆனால் வயிற்றைத் தாங்கும் இப்புரதங்கள் அடுப்பைத் தாங்கா. இதற்குச் சான்று நம் தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சயான் மருத்துவமனை என்று நாம் சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில், 1989-ஆம் ஆண்டு டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அவர்கள் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பால் போதாத தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளுக்கு, மற்றத் தாய்மார் தானமாகத் தரும் பால் ஊட்டப்படுகிறது. அப்பாலைக் கொதிக்க வைப்பதில்லை. தாய்ப்பால் வங்கிகளில் 62.5 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடம் வைத்துக் குளிர்விப்பதே முறை. கிருமிகள் அழிய வேண்டும், காக்கும் புரதங்களும் இயன்றவரை பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். அப்படியும் அவற்றில் ஒரு பகுதி வீணாகிறது. எனவே பெற்ற தாயின் பாலே முதல் தேர்வு. தானப் பால் அதற்கடுத்ததுதான்.

சகோதரிகளே, சீம்பால் அளவில் சில கரண்டிதான் இருக்கும். அதைப் பார்த்து "பால் இல்லை" என்று கலங்க வேண்டாம். பிறந்த குழந்தையின் வயிறும் சிறியதே. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்கத் தொடங்குங்கள். ஆறு மாதம் வரை சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். அவற்றோடு கிருமியும் உள்ளே போகலாம். அவை வயிற்றை நிரப்பினால் குழந்தை குடிக்கும் பாலும் குறையும். தாய்க்கு நோயோ மருந்தோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பாட்டி வரட்டும்; பிள்ளையைக் குளிப்பாட்டித் தாலாட்டும் பாடட்டும். "எல்லாம் செரித்துப் போகாதா?" என்று அவர் கேட்டால், "இந்தப் பால் செரித்தும் காக்கும், செரியாமலும் காக்கும் அத்தை" என்று மருமகள் அன்போடு சொல்லட்டும்.