பெட்ரோலா, டீசலா, மின்சாரமா? குட்டி ஜீப் வாங்கும் குடும்பங்களில் கடும் வாக்குவாதம்!

4 மீட்டருக்குள் இருந்தால் 18 சதவீத வரி. என்ஜின் கொஞ்சம் பெருத்தால் 40 சதவீதம்!

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் பணம் அம்போ!

புன்னைக்காயல்,

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். முத்துக்குளிப்புக்குப் பெயர் போன கரை. 1586-ம் ஆண்டிலேயே தமிழில் புத்தகம் அச்சடித்த ஊர் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

ஒரு காலத்தில் வள்ளமும் மாட்டு வண்டியும்தான் இங்கே வாகனம். இப்போது கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு பேச்சு, "குட்டி ஜீப்" பற்றித்தான்!

பார்த்தால் ஜீப் மாதிரி உயரம். உள்ளே உட்கார்ந்தால் கார். கம்பெனிக்காரர்கள் இதற்கு "காம்பாக்ட் எஸ்.யு.வி." என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி என்பதை விட, எந்த என்ஜின் என்பதில்தான் குடும்பத்துக்குள் அடிதடி!

பேச்சு இப்படித்தான் போகிறது:

"மச்சான், கண்ண மூடிக்கிட்டு டீசல் எடுங்க. இழுவன்னா அதுதான்" என்கிறார் மைத்துனர்.

"நான் வாரத்துல ஒரு நாள்தான் தூத்துக்குடி போறேன். எனக்கு எதுக்குவே டீசல்?" என்கிறார் குடும்பத் தலைவர்.

"ரெண்டு பேரும் மாசத் தவணை எவ்வளவுன்னு மொதல்ல சொல்லுங்க" என்று நடுவில் வருகிறார் வீட்டுக்கார அம்மாள்.

"எனக்கு ஏறி எறங்க முட்டி வலிக்காம இருக்கணும் மக்கா. அத மட்டும் பாருங்க" என்கிறார் பாட்டி.

நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

4 மீட்டர் ரகசியம்

நெக்ஸான், வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா, எக்ஸ்.யு.வி. 3 எக்ஸ்.ஓ., மேக்னைட். இவை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நீளம் 3 ஆயிரத்து 990 மில்லி மீட்டருக்கு முன்னே பின்னேதான் இருக்கும். 4 மீட்டரைத் தாண்டாது!

காரணம் வரி. 2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்று முதல் கம்பெனிகள் காரின் மூக்கையும் வாலையும் வெட்டி 4 மீட்டருக்குள் அடக்க ஆரம்பித்தன.

அந்தக் கணக்குதான் இன்றும் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் ஜி.எஸ்.டி. மாறியது. மேற்படி அளவுக்குள் அடங்கும் கார்களுக்கு 18 சதவீத வரி. அதற்கு முன் செஸ் உள்பட பெட்ரோல் காருக்கு 29, டீசல் காருக்கு 31 சதவீதம் இருந்தது. அளவைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான்.

இதில் ஒரு வேடிக்கை! மாருதி பிரெஸ்ஸாவின் நீளம் 4 மீட்டருக்குள்தான். ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. ஆகையால் 40 சதவீத வரி! அதே நீளத்தில், அதைவிடப் பெரிய 1,497 சி.சி. டீசல் என்ஜின் உள்ள டாட்டா நெக்ஸானுக்கு 18 சதவீதம்தான்!

10 லட்சம் கோடு

ஜி.எஸ்.டி.யோடு கதை முடியவில்லை. தமிழக அரசின் ஆயுள் வரி வேறு இருக்கிறது. 2023 நவம்பரில் இது உயர்ந்தது. ரூ.5 லட்சம் முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம்.

ரூ.9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி ரூ.1 லட்சத்து 28 ஆயிரத்து 700. ரூ.10 லட்சத்து 10 ஆயிரம் விலை என்றால் ரூ.1 லட்சத்து 81 ஆயிரத்து 800. அதாவது, விலையில் 20 ஆயிரம் கூடினால் வரியில் மட்டும் 53 ஆயிரத்து 100 ரூபாய் கூடுகிறது!

கூரையில் கண்ணாடி ஜன்னல், பெரிய டி.வி. மாதிரி திரை என்று ஷோரூமில் ஆசை காட்டுவார்கள். அந்த ஆசை 10 லட்சம் கோட்டைத் தாண்ட வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தலையாட்ட வேண்டும்.

வள்ளம் வேறு, கார் வேறு

கடல்புரத்து ஆட்களுக்கு என்ஜின் புதிது அல்ல. வள்ளத்தில் டீசல் என்ஜின் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடுகிறது. பாரம் இழுக்கிறது. எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது. ஆகவே காருக்கும் டீசல்தான் என்று மனசு போகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 புகை விதி அமலுக்கு வந்தது. அதன்படி டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக, தொடர்ந்து ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும். ஆத்தூர் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்த் திரும்பினால் கரி எரியாது. அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வைக்கும்.

இந்த விதி வந்தபோதுதான் மாருதி கம்பெனி டீசல் கார்களுக்கே முழுக்குப் போட்டது. இன்று இந்த அளவு வண்டிகளில் நெக்ஸான், வென்யூ, சோனெட், 3 எக்ஸ்.ஓ. போன்ற சிலவற்றில்தான் டீசல் கிடைக்கிறது.

பைசா கணக்கு

டீசல் வண்டி, அதே ரக பெட்ரோல் வண்டியை விட ஒன்றரை லட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய்; 15 கிலோ மீட்டர் ஓடுகிறது. டீசல் லிட்டர் 93 ரூபாய். 20 கிலோ மீட்டர் ஓடுகிறது.

பெட்ரோலில் கிலோ மீட்டருக்கு ரூ.6.80 செலவு. டீசலில் ரூ.4.65. மிச்சம் ரூ.2.15. கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்பி வர 70 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்ட வேண்டும்!

புன்னைக்காயலில் இருந்து ஆத்தூர், முக்காணி, பழைய காயல் வழியாகத் தூத்துக்குடி சுமார் 30 கிலோ மீட்டர். வாரம் ஒரு தடவை போய் வந்தால் மாதம் 240. கோவில், கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து மாதம் 600 கிலோ மீட்டர் என்று வையுங்கள். 70 ஆயிரம் ஓட ஏறக்குறைய 10 வருஷம் ஆகும்! அதற்குள் வண்டி கிழடு தட்டிவிடும்.

மாதம் 2 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் மீன் வியாபாரிக்கோ, திருநெல்வேலிக்குத் தினமும் போய் வருபவருக்கோ 3 வருஷத்தில் பணம் திரும்பிவிடும். அவருக்கு டீசல்தான் சரி. மைத்துனர் சொன்னது தப்பு இல்லை. ஆனால் அது மைத்துனருக்கு மட்டும்தான் பொருந்தும்!

டர்போ ஆசை

பெட்ரோலிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சாதா என்ஜின். இன்னொன்று டர்போ. புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதைக்கொண்டு காற்றை என்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் வித்தைதான் டர்போ.

வென்யூ, சோனெட் வண்டிகளில் 1.2 லிட்டர் சாதா என்ஜினும் உண்டு. 1 லிட்டர் டர்போவும் உண்டு. சென்னை அருகே ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட்டிலும் 1 லிட்டர் சாதா, டர்போ இரண்டும் உண்டு.

5 பேரும் மூட்டை முடிச்சும் ஏறி, நாலுவழிச் சாலையில் லாரியை முந்த வேண்டும் என்றால் சாதா என்ஜின் மூச்சு வாங்கும். டர்போ சிட்டாய்ப் பறக்கும். ஆனால் காலை அழுத்தினால் பெட்ரோலும் பறக்கும்! குறித்த நேரத்தில், குறித்த ரக ஆயிலை மாற்றுவதும் முக்கியம். ஊருக்குள் நிதானமாக ஓட்டும் குடும்பத்துக்குச் சாதா என்ஜினே போதும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. இதனால் மைலேஜ் சிறிது குறையும் என்று மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சொன்னது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், அது 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதா என்று பார்ப்பது நல்லது. அன்று முதல் வந்த கார்களின் ரப்பர் குழாய்களும் பாகங்களும் இந்தக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

கியாஸ் வண்டி ஓட்டச் செலவு குறைவுதான். ஆனால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தினமும் போகும் பாதையில் கியாஸ் பம்ப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மின்சாரக் கார்

தூத்துக்குடிக்கே கார் தொழிற்சாலை வந்துவிட்டது! வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை, சிலாநத்தம் சிப்காட்டில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 25-ந்தேதி அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டு 4-ந்தேதி திறந்து வைத்தவர் முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின். ஆரம்பத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள் தயாரிப்பது திட்டம்.

இங்கிருந்து வரும் வி.எப்.6 வண்டி 2025 செப்டம்பரில் ரூ.16 லட்சத்து 49 ஆயிரம் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. 4 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். மின்சாரக் காருக்கு நீளக் கணக்கு கிடையாது என்பதால் வரியில் அடி இல்லை. இதைவிடக் குறைந்த விலையில் நெக்ஸான் மின்சார வண்டியும் இருக்கிறது.

யூனிட் 9 ரூபாய், ஒரு யூனிட்டுக்கு 6 கிலோ மீட்டர் என்று கணக்குப் போட்டால் கூட கிலோ மீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். வீட்டு வாசலில் வண்டி நிறுத்தி, சொந்தமாக பிளக் போட இடம் இருப்பவர்களுக்கு இது யோகம். தெருவில் நிறுத்துகிறவர்களுக்குத் தலைவலி! விலையில் உள்ள வித்தியாசத்தை மீட்கவும் நிறைய ஓட வேண்டும். ஆயுள் வரி விலக்கு எந்தத் தேதி வரை என்பதை, பதிவு செய்யும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை! தாமிரபரணி கரை புரண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பகுதிகள் தத்தளித்தன. வண்டிகள் தண்ணீரில் மூழ்கின.

குட்டி ஜீப்பின் அடிப்பாகம் தரையில் இருந்து சுமார் 20 சென்டி மீட்டர் உயரம். பள்ளம் மேடுக்கு அது போதும். ஆற்று வெள்ளத்துக்குப் போதாது. ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மழை விட்ட பிறகு. தண்ணீர் புகுந்த காரை, "ஓடுதான்னு பாப்பம்" என்று ஸ்டார்ட் செய்கிறார்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் போகும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. உள்ளே இரும்புத் தண்டு வளையும், உடையும். என்ஜின் காலி!

சாதாரண இன்சூரன்ஸ், வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால், "உன் தப்பு" என்று கைவிரித்துவிடுவார்கள். "என்ஜின் பாதுகாப்பு" என்ற தனிப் பிரிவுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் தப்பலாம். ஆற்றங்கரை ஊரில் கார் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது. மின்சாரக் காரும் மூழ்கினால் மெக்கானிக் பார்க்காமல் பிளக் போடக் கூடாது.

இன்னொரு விஷயம். இந்த 4 மீட்டர் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. ஜீப் மாதிரி இருக்கிறதே என்று கடற்கரை மணலில் இறக்கினால் புதைந்துவிடும். பிறகு வலை இழுக்கிற மாதிரி ஊரே கூடி இழுக்க வேண்டியதுதான்! உப்புக்காற்று அடிப்பாகத்தை அரிக்கும். துருப்பிடிக்காத பூச்சும், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவுவதும் அவசியம்.

உயிர் முக்கியம்

2018 டிசம்பரில் நெக்ஸான், மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியக் கார் அதுதான். 2023 அக்டோபர் முதல் "பாரத் என்கேப்" என்ற சோதனை இந்தியாவிலேயே நடக்கிறது. வாங்கப்போகும் வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள்.

பெல்ட் போடாவிட்டால் எத்தனை நட்சத்திரம் இருந்தும் பயன் இல்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ந்தேதி விபத்தில் இறந்தபோது, விலை உயர்ந்த காரின் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். இந்த வண்டிகளில் இடம் 5 பேருக்குத்தான். பனிமய மாதா திருவிழாவுக்கு 8 பேரை அடைத்துக்கொண்டு போவது ஆபத்து!

தவணைக்குத் தடைக்காலம் இல்லை

ரூ.8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.12 ஆயிரத்து 870. வட்டி மட்டும் ரூ.2 லட்சத்து 81 ஆயிரம்.

ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆனால் தவணைக்குத் தடை கிடையாது! அந்த 2 மாதத் தவணையை முன்கூட்டியே பாங்கியில் போட்டு வைத்துவிட்டு வண்டி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஷோரூமுக்குப் போகும்போது வீட்டு அம்மாளையும் பாட்டியையும் கூட்டிப் போக வேண்டும். பாட்டியை 2 தடவை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். 5 பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மாதம் எத்தனை கிலோ மீட்டர் ஓடுவோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டும்.

அந்தத் தாளில் 600 என்று இருந்தால் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல். 2 ஆயிரத்தைத் தாண்டினால் டீசல், அல்லது வாசலில் பிளக் இருந்தால் மின்சாரம். விற்பனைக்காரர் என்ன பேசினாலும் தாளில் உள்ள எண் மாறாது!