மீன் விடுவதை நிறுத்தியதும் மீன் பெருகிய ஆறு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றின் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து புரட்டினாலும் 1970-இல் வந்து நிற்கும். அதுவரை அந்த ஆற்றின் வார்னி பகுதியில், அரசுப் பண்ணையில் பிடிக்கும் அளவுக்கு வளர்த்த ரெயின்போ டிரவுட் மீனை லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆண்டு அதை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஓடெல் என்றொரு ஊற்றோடை. அதில் 1970 முதல் 1972 வரை வேண்டுமென்றே பண்ணை மீனை விட்டார்கள். மாநில மீன்வளத் துறை உயிரியலாளர் டிக் வின்சென்ட் இரண்டு இடத்திலும் மீனை எண்ணினார். எண்ணும் முறை எளிது: தண்ணீரில் அளவாக மின்சாரம் பாய்ச்சினால் மீன் மயங்கி மிதக்கும், துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டு, திரும்ப விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி பிடித்து, நூற்றுக்கு எத்தனை வெட்டுப்பட்ட மீன் என்று பார்த்தால் மொத்தம் தெரிந்துவிடும்.

நான்கு ஆண்டில் வார்னியில், ஆற்றிலேயே பிறந்து இரண்டு வயது தாண்டிய ரெயின்போ எட்டு மடங்குக்கு மேல் பெருகியது. ஓடெலில் ஏற்கெனவே இருந்த பிரவுன் டிரவுட் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மீனைப் போட்ட இடத்தில் மீன் குறைந்தது. போடாத இடத்தில் கூடியது.

காரணம் இடத்தகராறு. காட்டு டிரவுட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லின் பின்புறம், ஒரு நிழல், தனக்கென்று ஒரு நீரோட்டம் உண்டு. அங்கே அசையாமல் நின்றால் சக்தி மிச்சம், தண்ணீரே தீனியைக் கொண்டுவந்து தரும். முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாத கூட்டம் ஏறியதுபோலப் பண்ணை மீன் வந்து இறங்கியதும் இந்த ஒழுங்கு குலைந்தது. துரத்துவதிலேயே இரு தரப்புக்கும் தெம்பு போனது. பண்ணை மீனில் பெரும்பாலானவை குளிர்காலத்தைத் தாண்டவும் இல்லை. 1974-இல் மொன்டானா, டிரவுட் தானாகப் பெருகக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே கைவிட்டது. வரிப்பணத்தைச் செலவழித்துச் செய்துவந்ததைச் செய்யாமல் விட்டதே லாபம் என்று ஓர் அரசுத் துறை எழுதிக்கொடுப்பது அபூர்வம்.

தாய் மீனின் கணக்கோ தாராளமானது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 2,000 முட்டை. 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ரெயின்போ முட்டை பொரிய ஏறத்தாழ 31 நாள், பிரவுனுக்கு 41 நாள். கேட்பதெல்லாம் வண்டல் அடையாத கூழாங்கல்லும் குளிர்ந்த நீரும்தான். ஆனால் ‘காட்டு மீன்’ என்று பெருமைப்படுகிற இவ்விரண்டுமே அங்கே குடியேறியவை. பிரவுன் 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்கா வந்தது. ரெயின்போ பசிபிக் கரைப் பக்கத்து மீன். மேடிசனின் மண்ணின் மைந்தர்களான கட்த்ரோட் டிரவுட்டும் கிரேலிங்கும் இன்று கணக்கின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

இனி மனிதன் பக்கத்துச் செலவு. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். டிரவுட்டைப் பிடிக்கும் ஈத்தூண்டிலிலோ முள்ளில் கட்டிய இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது, கயிறுதான் எடை. வழக்கமான 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம். 9 அடிக் கோல் அந்த 9 கிராமைப் பின்னும் முன்னும் வீசி, கடைசியில் பூச்சியைத் தண்ணீரில் இறக்குகிறது. நுனி நரம்பின் தடிமனுக்கு ஒரு வாய்பாடு: 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். கண்ணாடிபோல் தெளிந்த ஊற்றோடையில் அதுவும் தடிமன். அங்கே 6 எக்ஸ், 20-ஆம் எண் முள். எண் கூடக் கூட முள் சிறுக்கும். 22-ஆம் எண் முள் விரல் நகத்தின் மேல் காணாமல் போகும்.

உயர்ரகக் கோல் ஆயிரம் டாலரைத் தொடுகிறது. படகோடு வழிகாட்டி ஒரு நாளைக்கு 600 டாலருக்கு மேல். லிவிங்ஸ்டன் பக்கம் தனியார் பண்ணைக்குள் ஓடும் ஊற்றோடைகளில் உச்சப் பருவத்தில் ஒரு கோலுக்கு நாள் வாடகையே 100 டாலரைத் தாண்டும். காசிருந்தாலும் நாளுக்கு இத்தனை கோல்தான் என்று வரம்பு. ஊற்றோடையில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பதால் வரவுப் பத்தியில் பூஜ்யம்.

ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. டிரவுட் இறப்பு ஆய்வுகளை ஒன்று சேர்த்து 1992-இல் வெளியான தொகுப்பின்படி, புழு போன்ற இரையில் சிக்கி விடுபட்டவற்றில் நூற்றுக்கு 31 செத்தன. செயற்கைப் பூச்சியிலும் உலோக மீனிலும் சிக்கியவற்றில் 5. ஆக, ஒரு நாளில் 40 மீனைப் பிடித்து நாற்பதையும் விட்ட புண்ணியவான் கொன்றது சராசரியாக இரண்டு. ஒன்றைப் பொரித்துத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனவன் கொன்றது ஒன்று. கரையில் யார் யாரை முறைப்பது என்பதை இந்தக் கணக்கை வைத்து மறுபடி யோசிக்கலாம்.

மேடிசனுக்குப் பெரிய நஷ்டம் தூண்டிலால் வரவில்லை. ஐரோப்பாவில் தோன்றி, 1950-களில் அமெரிக்கப் பண்ணைகளில் தென்பட்ட ஒட்டுண்ணி ஒன்று குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று, அவற்றைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும். 1994-இல் அது மேடிசனில் இருப்பது உறுதியானது. மேல்பகுதியில் ஒரு மைலுக்கு 3,300 அளவில் இருந்த ரெயின்போ 300 அளவுக்குச் சரிந்தது. அந்த ஒட்டுண்ணியோடு ஐரோப்பாவில் காலம் காலமாய் வாழ்ந்த பிரவுன் பெரும்பாலும் தப்பித்தது. பின்னர் ரெயின்போவும் பெருமளவு தேறியது.

இப்போது கவனிக்கும் எண் வெப்பமானி காட்டுவது. கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 23 டிகிரியில் 8.6-தான். ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 பாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது 23 டிகிரியை நெருங்கினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போட மொன்டானா தடை விதிக்கலாம். நிலத்தடியிலிருந்து வரும் ஊற்று நீர் கோடையிலும் பெரிதாகச் சூடேறுவதில்லை. உச்சப் பருவ வாடகையில் பாதி அந்தக் குளிர்ச்சிக்கான விலை என்றே நினைக்கிறேன்.