கமிட் மெசேஜ்: ஏ.ஐ. எழுதட்டும், காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்

என் மைத்துனரின் மருந்துக் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிறிய புரோகிராம்தான். ஓய்வு நேரத்தில் அதில் திருத்தங்கள் செய்வது என் வழக்கம். ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. "மாமா, கஸ்டமர் இன்சூரன்ஸுக்காக பழைய பில்லின் நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதே பில் நம்பர், அதே தொகை, ஆனால் வரி மட்டும் வேறாக இருக்கிறதே!"

தவறு என்னுடையதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் போட்ட பில்லை மீண்டும் அச்சிட்டால் பழைய வரியே வர வேண்டும் அல்லவா? அதற்காக பில்லின் தேதியைச் சோதிக்கும் நான்கு வரிகளை அப்போது சேர்த்திருந்தேன். (ஒவ்வொரு பில்லுடனும் வரி விகிதத்தைச் சேமித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அது தனிக் கதை.) சில மாதங்கள் கழித்து புரோகிராமைச் சுத்தம் செய்தபோது அந்த வரிகள் கண்ணில் பட்டன. இவை எதற்கு என்று பழைய கமிட் மெசேஜைப் பார்த்தேன். "வரிக் கணக்கீட்டில் தேதிச் சோதனை சேர்க்கப்பட்டது" என்று இருந்தது. இப்போது எல்லாம் 5 சதவீதம்தானே என்று நீக்கிவிட்டேன். விளைவு, 112 ரூபாய் பில்லில் 12 ரூபாயாக இருந்த வரி, நகலில் 5 ரூபாய் 33 பைசாவாக அச்சாகிவிட்டது.

அந்த மெசேஜை எழுதியது நான் அல்ல, ஏ.ஐ.

கமிட் என்றால் என்ன?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய கிட் என்னும் புரோகிராம், நம் பைல்களில் நாம் செய்திடும் மாற்றங்களைப் படிப்படியாகச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட். அதனுடன் நாம் எழுதும் சிறு குறிப்பே கமிட் மெசேஜ். வீட்டுக் கணக்கு நோட்டில் "500 ரூபாய் கொடுத்தேன்" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கு, எதற்கு என்று விழிப்போம். கமிட் மெசேஜும் அப்படித்தான்.

வி.எஸ். கோட் எடிட்டரில் கிட்ஹப் கோபைலட் இந்த மெசேஜை நமக்காக எழுதித் தரும். நாம் எந்த வரிகளை நீக்கினோம், எவற்றைச் சேர்த்தோம் என்பதைப் பார்த்து அது எழுதுகிறது. ஆகவே "என்ன மாறியது" என்பதை நன்றாகவே சொல்லிவிடும். "ஏன் மாற்றினோம்" என்பது நம் மனதில் அல்லவா இருக்கிறது? அது எப்படி ஏ.ஐ.க்குத் தெரியும்?

மெசேஜ் பெறும் வழி

கண்ட்ரோல்+ஷிப்ட்+ஜி அழுத்தினால் சோர்ஸ் கண்ட்ரோல் பகுதி கிடைக்கும். மாற்றிய பைலின் பெயருக்கு அருகே உள்ள கூட்டல் அடையாளத்தில் கிளிக் செய்து, அதை கமிட்டுக்குத் தயார் செய்திடவும். பின் மெசேஜ் கட்டத்தின் வலது ஓரத்தில் மின்னும் நட்சத்திரம் போன்ற ஐகானில் கிளிக் செய்திடவும். சில விநாடிகளில் மெசேஜ் கிடைக்கும். இதற்கு கிட்ஹப் அக்கவுண்ட் வேண்டும். கோபைலட்டுக்கு அளவுக் கட்டுப்பாடுகளுடன் இலவசத் திட்டம் ஒன்று 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

நம் விருப்பப்படி மாற்ற

கண்ட்ரோல் கீயுடன் கமா கீயை அழுத்தி செட்டிங்ஸ் விண்டோவைத் திறக்கவும். தேடல் கட்டத்தில் "கமிட் மெசேஜ் ஜெனரேஷன்" என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். கோபைலட்டின் "இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" என்ற அமைப்பு கிடைக்கும். அதன் கீழே உள்ள "எடிட் இன் செட்டிங்ஸ் ஜேசான்" என்ற லிங்க்கில் கிளிக் செய்தால், செட்டிங்ஸ் பைல் திறக்கும். அங்கே சதுர அடைப்புக் குறிகளுக்குள், ஒவ்வொரு கட்டளையையும் நெளிவு அடைப்புக் குறிகளில் "டெக்ஸ்ட்" என்ற பெயருடன் எழுத வேண்டும். கட்டளைகள் நீளமானால் தனி பைலில் எழுதி, "டெக்ஸ்ட்" என்பதற்குப் பதில் "பைல்" என்று கொடுத்து அந்த பைலின் பெயரைத் தரலாம். ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும் இந்தக் கட்டளைகள் போதும் என்றால், செட்டிங்ஸ் விண்டோவில் முதலில் வொர்க்ஸ்பேஸ் டேப்பைத் தேர்ந்தெடுக்கவும்.

நான் ஆங்கிலத்தில் கொடுத்துள்ள கட்டளைகளின் சாரம் இது:

1. முதல் வரி 50 எழுத்துகளுக்குள் இருக்கட்டும். பிழைத் திருத்தம் என்றால் "பிக்ஸ்", புதிய வசதி என்றால் "பீட்" என்று தொடங்கவும்.

2. ஒரு வரி காலியாக விட்டு, விளக்கத்தை வரிக்கு 72 எழுத்துகளுக்கு மிகாமல் எழுதவும்.

3. கடைசியில் "காரணம்:" என்று ஒரு வரி தரவும். மாற்றத்தைப் பார்த்து காரணம் தெளிவாகத் தெரியாவிட்டால் கற்பனை செய்யாமல் காலியாக விடவும்.

முதல் இரண்டும் கிட் பயன்படுத்துவோரிடையே பரவலாக உள்ள வழக்கங்கள். மூன்றாவதுதான் நான் பட்டுத் தெரிந்து கொண்டது. இப்போது ஏ.ஐ. எழுதித் தந்த மெசேஜில் "காரணம்:" என்ற வரி காலியாக நிற்கும்போது, அது என்னிடம் கேள்வி கேட்பது போல இருக்கிறது. பதில் எழுதாமல் கமிட் பட்டனை அழுத்த மனம் வருவதில்லை. நீக்கிய நான்கு வரிகளைத் திரும்பச் சேர்த்தபோது, "காரணம்: 22-9-2025க்கு முந்தைய பில் நகல்களில் பழைய வரி வர வேண்டும், நீக்கக் கூடாது" என்று என் கையால் எழுதினேன்.

கவனிக்க வேண்டியவை

கட்டளை கொடுத்துவிட்டதால் ஏ.ஐ. ஒவ்வொரு முறையும் அதன்படியே நடக்கும் என்று எண்ண வேண்டாம். சில நேரம் காரணத்தை அதுவாகவே ஊகித்து எழுதிவிடும். படித்துப் பார்த்த பிறகே கமிட் செய்திடவும். மாற்றங்கள் இன்டர்நெட் வழியாக சர்வருக்குச் செல்வதால், பாஸ்வேர்ட் போன்றவற்றை புரோகிராமில் எழுதி வைக்க வேண்டாம். கடைசியாகச் செய்த கமிட்டின் மெசேஜ் தவறு எனில் "அமெண்ட்" வசதி மூலம் திருத்தலாம். ஆனால் சர்வருக்கு அனுப்பி, மற்றவர்கள் எடுத்துக் கொண்ட கமிட்டில் இதைச் செய்தால் அவர்களுக்குக் குழப்பம் வரும்.

கட்டளைகளை அமைக்க ஐந்து நிமிடம் போதும். இன்றே அமைத்து, அடுத்த கமிட்டில் அந்தக் காலி வரியை நிரப்பிப் பாருங்களேன்.