தங்கவயலில் பிறந்த வேகம்: கென்னத் பவல்

கென்னத் பவல் 1940 ஏப்ரல் 20 அன்று கோலார் தங்கவயலில் பிறந்தார். 1960களில் இந்தியாவின் முன்னணிக் குறுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர்.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கம் எடுத்த ஊர் அது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியிருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஊர் மக்களுக்கு வெளியே தெரிந்த மேடென்றால், தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேடுதான்.

அங்கிருந்து பவல் பெங்களூருக்குப் போய் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். 1962 ஆசியப் போட்டியில் டெகத்லான் தங்கம் வென்ற குர்பச்சன் சிங் ரந்தாவா, 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஐந்தாம் இடம் பிடித்ததும் அதே டோக்கியோவில்தான்.

பவல், ராஜசேகரன் பிச்சையா, மக்கன் சிங், அந்தோணி கூட்டின்ஹோ ஆகியோர் கொண்ட 4x100 மீட்டர் தொடர் ஓட்ட அணி அங்கே அரையிறுதி வரை சென்றது. தடகள வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை. இந்த ஓட்டத்தில் கால் வேகம் மட்டும் போதாது. கோலை வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடுப்பவர் தரையில் இட்ட அடையாளத்தைத் தொட்டதும் வாங்குபவர் கிளம்பிவிடுவார். குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டுவார். அன்றைய விதிப்படி 20 மீட்டர் எல்லைக்குள் கோல் கைமாறியாக வேண்டியிருந்தது. தாண்டினால் அணியே வெளியே. அந்த எல்லைக்கு 10 மீட்டர் முன்பிருந்தே ஓடத் தொடங்கலாம் என்ற விதி 1963இல்தான் வந்தது. அதனால் வாங்குபவர் முழு வேகம் எடுத்தபின் கோலைப் பெற முடிந்தது. எப்போது கிளம்புவது என்ற கணக்கையோ நால்வரும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

1965இல் பவலுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1970 பாங்காக் ஆசியப் போட்டியில், முப்பது வயதில், இதே தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். கர்நாடக அரசின் ராஜ்யோத்சவ விருது 2018இல் வந்தது.

அவர் பிறந்த தங்கவயலின் சுரங்கம் அதற்கு முன்பே, 2001 பிப்ரவரி 28 அன்று, மூடப்பட்டது. பவல் 2022 டிசம்பர் 11 அன்று, 82ஆம் வயதில் காலமானார்.