மலைவாழையைக் காக்கும் வழி: தோப்புக்காரரைக் கேட்டீர்களா?

திண்டுக்கல் சந்தைக்கு வந்து இறங்கும் மலைவாழைத் தாரை மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். காய் சிறியது, சதை கெட்டி, ஈரப்பதம் குறைவு. பழனி பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழமே முக்கியக் காரணம். விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரண்டு மலைவாழைகளுக்கும் 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. பழத்தின் பெயரைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் மரம் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது.

1970-களில் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் சுமார் 18,000 ஹெக்டேரில் நின்ற மலைவாழை, பிறகு ஏறக்குறைய 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அழித்தது முடிக்கொத்து என்ற வைரஸ் நோய். வாழை அசுவினி என்ற சிறு பூச்சி இந்த வைரஸைப் பரப்புகிறது. நோய் பிடித்த மரத்தில் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும், தார் தள்ளாது. வந்த பின் குணப்படுத்த மருந்து கிடையாது. வேரோடு தோண்டி அழிப்பதுதான் வழி.

ஆய்வுக்கூடத்தில் ஒரு விடை

இதற்கு மரபணு வழியில் விடை தேடியவர்கள் நம் ஊர் விஞ்ஞானிகள். விருப்பாட்சி வாழையின் செல்களில் மரபணு மாற்றம் செய்து, முடிக்கொத்து வைரஸை எதிர்க்கும் செடிகளை உருவாக்கிய ஆய்வைக் கோவை வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள். வைரஸின் மரபணுவை அடையாளம் கண்டு முடக்கும் திறனைச் செடிக்கே கொடுப்பதுதான் அதன் அடிப்படை.

அந்தச் செடி விவசாயியின் தோப்புக்கு வரவில்லை. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றப் பயிர் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே. பழம் ஒன்றுகூட இல்லை.

சந்தையில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. திராட்சையில் விதை இல்லையென்றால் “மரபணு மாத்தினது” என்கிறார்கள். பப்பாளி ஒரே அளவில் பளபளப்பாக இருந்தாலும் அதே சந்தேகம். உண்மையில் விதையில்லாத் திராட்சை இயல்பான மாற்றத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்தது. ரெட் லேடி பப்பாளி தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு ரகம். திசு வளர்ப்பு வாழையும் மரபணு மாற்றமல்ல. நல்ல தாய்ச் செடியின் திசுவிலிருந்து அதே செடியைப் பல மடங்காகப் பெருக்குவது அது. இந்த வேறுபாடுகளைத் தமிழில் எளிமையாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது. நட்டம் விவசாயிக்கு.

ஹவாய் கற்றுக்கொடுத்தது

திண்டுக்கல் சமவெளியில் பப்பாளி போடுபவர்களுக்கு வளையப்புள்ளி வைரஸ் நன்றாகத் தெரியும். ஹவாய் தீவின் பப்பாளிப் பகுதிக்கு அந்த வைரஸ் 1992-ல் வந்தது. சில ஆண்டுகளில் விளைச்சல் பாதியளவுக்குச் சரிந்தது. டென்னிஸ் கொன்சால்வெஸ் தலைமையிலான பொதுத்துறை ஆய்வாளர்கள் உருவாக்கிய வைரஸ் எதிர்ப்புப் பப்பாளி 1998-ல் விவசாயிகளுக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் விதை இலவசம். தோப்புகள் பிழைத்தன.

ஆனால் ஜப்பான் 2011 வரை அந்தப் பழத்தை ஏற்கவில்லை. மகரந்தம் பறந்து கலந்துவிடுமென்று இயற்கை விவசாயிகள் அஞ்சினார்கள். நோயை வென்றால் மட்டும் போதாது, வாங்குகிறவரின் மனதையும் வெல்ல வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

நம் மலைவாழை விதை தராத இனம் என்பதால் மகரந்தக் கலப்பு அச்சம் இங்கே மிகக் குறைவு. நமக்குள்ள சிக்கல் வாழைக்கன்று. அது உறவுக்கும் நட்புக்கும் கைமாறும் பொருள். அடையாளமில்லாத மரபணு மாற்றக் கன்று ஒன்று மலையேறினால், எந்தத் தோப்பில் எது நிற்கிறது என்று சில ஆண்டுகளில் யாராலும் சொல்ல முடியாது. அப்போது அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு பொருந்துமா? பஞ்சாமிர்தத்தில் அதைச் சேர்க்கப் பக்தர்கள் சம்மதிப்பார்களா? செடி வருவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்விகள் இவை.

கூட்டம் நடக்காத மாநிலம்

மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்காளி. தமிழ்நாட்டு ரகங்களிலேயே பி.டி. மரபணுவைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு எழுந்தபோது அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார். தடை சரியா தவறா என்பது ஒரு விவாதம். நம் கத்தரிக்காய்க்கு நம்மையே கேட்காதது வேறு ஒரு பெரிய குறை.

அந்தக் குறை மீண்டும் நேரக்கூடாது. வெளி மரபணு சேர்க்காத சில வகை மரபணுத் திருத்தங்களுக்கு 2022-லேயே ஒன்றிய அரசு விலக்கு அளித்துவிட்டது. அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்கள் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், விவசாயிகளையும் கலந்து பேச வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கலந்தாய்வுகளில் ஒன்று திண்டுக்கல்லில், தமிழில் நடக்க வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, சிறுமலை விவசாயிகளும், மண்டி வியாபாரிகளும், பழனி தேவஸ்தானமும், இயற்கை விவசாயிகளும், விஞ்ஞானிகளும் நேருக்கு நேர் பேச வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வைரஸ் இல்லையென்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகள் இன்றே பயன்படும் தடுப்பு வழி. அதற்கு உதவ மலையிலேயே, தடியன்குடிசையில், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஒருவர் நோய் மரத்தைத் தோண்டி அழித்து, பக்கத்துத் தோப்புக்காரர் விட்டுவைத்தால் அசுவினி திரும்ப வரும். ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. நோய் மரத்தை அகற்றும் சிறு விவசாயிக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். சுத்தமான கன்றை மலிவு விலையில் வீடு தேடிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் நோய் வெல்லுமானால், மரபணு மாற்றிய கன்று வேண்டுமா என்று தோப்புக்காரர்களிடமே கேட்கலாம். அவர்கள் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், அந்தப் பதிலுக்கு அரசும் ஆய்வுக்கூடமும் கட்டுப்பட வேண்டும்.