கொல்லிமலையில் இடது ஓரம் எப்போது ஆபத்து?

சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு நம்ம ஊர்ல கிடைக்கிற ஒரே அட்வைஸ், "ஓரமா போ". காரவள்ளி அடிவாரத்துல இருந்து கொல்லிமலை ஏறும்போது இதை அப்படியே கேட்டா சிக்கல். அந்த ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் இடது, வலது என்று மாறி மாறி வரும். மேலே ஏறுறவங்க ரொம்ப கவனிக்க வேண்டியது இடது வளைவு.

பஸ் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமா வெட்டிப் போகும். எவ்வளவு? பிதாகரஸ் போதும். வீல்பேஸ் 5 மீட்டர், முன் சக்கரம் திரும்பும் ஆரம் 10 மீட்டர்னு வச்சுக்குங்க. 100-ல் 25 கழிச்சு வர்க்கமூலம் எடுத்தா 8.66. அதாவது பின் சக்கரம் 1.3 மீட்டருக்கு மேல உள்ளே வருது. ஹேண்டில்பாரோட சேர்த்தாலும் உங்க அகலம் அதுல பாதிதான். இன்னொரு விஷயம், டிரைவர் முதல்ல வலப்பக்கம் ஒதுங்கிட்டுத்தான் இடப்பக்கம் ஒடிப்பார். அப்போ இடது ஓரத்துல பெரிய கேப் தெரியும். நமக்கு வழி விடுறார்னு நினைச்சு உள்ளே போனா, ரெண்டு செகண்ட்ல அந்த கேப் இருக்காது. நீங்க அங்க இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியக்கூட வாய்ப்பு கம்மி.

போதாக்குறைக்கு, வளைவின் உள்பக்கம்தான் ஏற்றம் அதிகம். ஏற வேண்டிய உயரம் அதேதான், தூரம் மட்டும் குறைவு. மணிக்கு 6 கிலோமீட்டர்ல ஏறும்போது சைக்கிள் ஆடும்.

அதனால வளைவுக்கு 20 மீட்டர் முன்னாடியே திரும்பிப் பாருங்க. பின்னாடி பஸ்ஸோ பலாப்பழம் ஏத்தப் போற பிக்கப்போ நெருங்கிட்டா, நின்னு அதை முதல்ல விடுங்க. தூரத்துல இருந்தா, கையைக் காட்டிட்டு உங்க லேனின் நடுவுக்கு வாங்க. பின்னாடி வர்றவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். வளைவு முடிஞ்சதும் ஓரம் ஒதுங்கி வழி விட்டுடுங்க. வலது வளைவில் பிரச்சினை எதிர்ப்பக்கம். இறங்கி வர்ற பஸ் திரும்ப இடம் பத்தாம உங்க பக்கம் வரும். மலை ரோடு குறுகலா இருந்தா இறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகள் சொல்லுது. ஆனா அதை நம்பி வளைவுக்குள்ள போகாதீங்க. ஹாரன் கேட்டா முன்னாடியே நில்லுங்க.

இறங்கும்போது எதிரி நம்ம பிரேக்தான். சைக்கிளோட சேர்த்து 80 கிலோ, 1000 மீட்டர் இறக்கம்னா கிட்டத்தட்ட 780 கிலோஜூல். ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மீதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் போகும். ரிம் ரொம்ப சூடானா டியூப் வெடிக்கும். தொடர்ந்து லேசா அழுத்திட்டே வராம, வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, அப்புறம் விடுங்க. நடுநடுவுல நிறுத்தி ரிம்ல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. சுர்ருன்னா பத்து நிமிஷம் ரெஸ்ட்.

ஆடிப்பெருக்கு சமயத்துல, வல்வில் ஓரி விழாவுக்கு மலை முழுக்க வண்டிதான். அப்போ சைக்கிளை ரூம்ல விட்டுட்டு பஸ்ல போங்க. இடது பக்கம் பின் ஜன்னல் சீட் கிடைச்சா, அந்த 1.3 மீட்டர் எங்க போகுதுன்னு உள்ள இருந்தே பாக்கலாம்.